தேடிய இடங்கள்

விடியுமுன் என் வேலை சாயம் பூசுவது.
பொம்மையின் நெற்றிக்கு நீலம், தோளுக்கு மஞ்சள்,
விலாவுக்குச் சிவப்பு, இடுப்புக்குப் பச்சை.
எந்த எலும்பு எதைத் தொட்டதென்று
மோதிய பிறகு நிறம் வந்து சாட்சி சொல்லும்.
இவளை விற்றால் ஹாம்ட்ராம்க்கில் ஒரு வீடு வாங்கலாம்.
ஆனாலும் ஷூ லேஸ் நான்தான் கட்டிவிட வேண்டும்.

வெளியே மிஷிகன் ஜனவரி,
நிறுத்துமிடத்தில் உப்பும் பனியும் சேர்ந்த சாம்பல் சேறு.
கூடத்துக்குள் கேமராக்களுக்காக
விளக்குகள் ஒரு ஆகஸ்டை எரிக்கின்றன.

வண்டி மின்சார பிக்கப். மூன்று டன்.
முன்மூடியைத் தூக்கினால் மளிகைப் பை வைக்கிற பள்ளம்.
முன்பு அங்கே எஞ்சின் இருந்தது,
கசங்கத் தெரியாத கட்டி இரும்பு.
இப்போது மடிவதற்கென்றே விட்டுவைத்த காற்று.
இன்றைக்கு அதற்கு வேலையில்லை.
இன்று பக்கவாட்டு. இன்று கம்பம்.

ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான அகலம்,
அவ்வளவுதான் அந்தக் கம்பம்.
எண்சாண் உடம்புக்குத் தலை பிரதானம்;
இந்த வண்டிக்கோ வயிறு.
இருக்கைகளின் கீழே அகலமாய்ப் படுத்திருக்கிறது பேட்டரி,
அதன் மேல் குடும்பம் உட்காரும்.

நுஹா பெய்தூன் இரண்டு வருடத்தை
கதவுக்குக் கீழுள்ள ஓரச் சட்டத்தில் கழித்தாள்.
அலுமினியத்துக்குள் அறை, அறைக்குள் அறை.
ஒன்று நசுங்கி அடுத்ததற்கு நேரம் வாங்கித் தரும்.
எவ்வளவு நேரம் என்று ஒருமுறை கேட்டேன்.
கண்ணைச் சிமிட்டிக் காட்டி,
"இதில் கால்வாசி" என்றாள்.

மோதியது.
எங்கோ உள்ளே ஒரு சிட்டிகை வெடிமருந்து
தன் செப்புப் பாலத்தைத் தானே தகர்க்க,
நானூறு வோல்ட் நட்டாற்றில் நின்றது.
நுஹா மீட்டரோடு ஓடினாள்.
வெப்பக் கேமராவில் வயிறு முழுக்க நீலம்.
கம்பம் சட்டத்தைத் தின்று,
பேட்டரிக்கு நாலு விரல் முன்னால் நின்றிருந்தது.
யாரோ விசிலடித்தார்கள்.

படமெடுக்கப் பின்னிருக்கையில் ஏறினேன்.
திரைப்பையில் நெற்றி நீலம் மட்டும்,
மூக்கு கூட இல்லை. அழகாக இருந்தது.
அப்போது டெக்கர், கை நிறைய வயரோடு போனவன்,
இடுப்பால் கதவைத் தள்ளிச் சாத்தினான்.

பொத்தானை அழுத்தினேன். செத்திருந்தது.
சின்ன பேட்டரியைக் கம்பம் அறுத்துவிட்டிருந்தது.
கையைக் கதவோரம் ஓட்டினேன்.
ஜன்னலுக்குக் கீழே. இல்லை.
ஸ்பீக்கர் பக்கம். இல்லை.
தண்ணீர் பாட்டில் குழியில், வெறும் தூசி.
டெக்கர் கண்ணாடிக்கு வெளியே
எனக்குக் கட்டைவிரல் உயர்த்திக் காட்டினான்.
கடைசியில் அகப்பட்டது:
பையின் அடியில் ரப்பர் விரிப்பு,
விரிப்பின் அடியில் ஒரு சுருக்குக் கம்பி.

"கையேட்டில் இருக்கிறது, வான்டா" என்றார் லுண்ட்க்விஸ்ட்.
"நூற்று நாற்பத்திரண்டாம் பக்கம்."
நான் காலையில் கை கழுவியிருக்கவில்லை.
சாம்பல் நிறக் கதவுத் துணியில்
மஞ்சளும் பச்சையும் சிவப்புமாய் என் விரல்கள்
தேடிய இடமெல்லாம் தெரிந்தன.
அவர் துடைக்கச் சொல்லுமுன் படமெடுத்தேன்.
பிறகு அவர் சொல்லவும் இல்லை.

மதியம் வண்டியைக் கூண்டில் பூட்டி
கம்பியில் குத்திய கோழி போல்
கால் சுற்று, கால் சுற்றாய்ப் புரட்டினோம்.
தலைகீழாய் நின்றபோதும் வயிற்றிலிருந்து
ஒரு சொட்டு கசியவில்லை.
டெக்கரின் பேனா மட்டும் எங்கிருந்தோ விழுந்தது.

படிவம் நிரப்பினேன்.
தலை, விலா, இடுப்பு, எல்லாம் பச்சைக் கட்டங்கள்.
கேமரா கணக்கில் நான் உள்ளே தடவிய நேரம் நாற்பத்தொரு நொடி.
பொம்மைகள் வெளியே வரப் பார்ப்பதில்லை என்பதால்
அதற்குக் கட்டம் கிடையாது.
ஓரத்தில் எழுதினேன்.